மண் நோக்கிய முகத்துக்குக் கண் திறக்க விடுத்த ஓலை

மழை பொய்யாதிருக்க. கடல் தன் எல்லை கடவாதிருக்க. அறம் நின்ற நாட்டில் அரசும் நிற்க.

ஏழு ஆறுகளும் மூன்று துறைகளும் உடைய வெண்குன்ற நாட்டின் பேரரசியார், கணவர் விட்டுச் சென்ற செங்கோலை ஐந்தாண்டுகளாகத் தனியே ஏந்தி நிற்பவர், கோப்பெருந்தேவி ஆழிநங்கையார் திருவாய் மலர்ந்தருள, அவர்தம் மூத்த அமைச்சர் சேந்தன் பெருங்காவிதியார் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட ஓலை. சங்குத்துறையின் காவலர், அலைவாய்க்கு அரண் போன்றவர், கடம்பன் வேளார் காண்க. உம் துறையில் நங்கூரமிட்ட கலங்கள் யாவும் நலமாகுக. உம் உப்பளங்கள் வெளுத்து விளைக. உம் மனையாளும் மக்களும் நோயின்றி வாழ்க.

நீர் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. கீழைப் பெருங்கடல் செல்லும் கலத்தில், மிளகு மூட்டைகளுக்குப் பின்னே ஒருவன் பதுங்கியிருந்தான் என்றும், பிடித்து வெளியே இழுத்தபோது அவன் மடியில் கோயிலுக்குரிய பொன்னுளி இருந்தது என்றும், பெயரைக் கேட்டால் சொன்னான், காரணத்தைக் கேட்டால் கல்லைப் போல் இருந்தான் என்றும் எழுதியிருந்தீர். திருடனா பித்தனா என்று தெரியாமையால் காவலோடு தலைநகருக்கு அனுப்பினீர். நீர் செய்தது முறையே. ஆயினும் அவன் திருடனும் அல்லன், பித்தனும் அல்லன். அவன் வரலாற்றை நீர் முழுதும் அறிந்தாலன்றி, இவ்வோலையின் முடிவில் வரும் ஆணை உமக்கு விளங்காது. ஆகவே பொறுமையாகப் படிக்க.

அவன் பெயர் ஆதன் அழிசி. வயது ஐம்பத்தெட்டு. மறைந்த மன்னரின் உடல் எரிந்த இடத்தில் தேவியார் எழுப்பிவரும் தாய்க் கோயிலின் மூலச் சிலையைச் செதுக்கியவன் அவனே. சிலை முடிந்து, கருவறையில் நின்று, கண் திறப்பது ஒன்று மட்டுமே எஞ்சியிருந்தது. தை மாதத்தில் நாள் குறித்து, நாலா திசைக்கும் அழைப்பும் போய்விட்டது. அந்த வேளையில்தான் இவன் பொன்னுளியை எடுத்துக்கொண்டு உம் துறைக்கு ஓடினான்.

கடலோரத்தில் வாழும் உமக்குத் தச்சர் வழக்கம் தெரிந்திருக்க நியாயமில்லை. நம் தச்சர் சிலையை உச்சி முதல் உள்ளங்கால் வரை செதுக்குவர். கண்ணை மட்டும் தொடமாட்டார்கள். விழி இருக்க வேண்டிய இடத்தை வழவழப்பாக விட்டு, முகத்தின்மேல் வெள்ளைத் துணி கட்டிவிடுவர். அதன்பின் எவரும் அம்முகத்தைப் பார்ப்பதில்லை. சிலை தனக்குரிய இடத்தில் நிலைபெற்ற பிறகு, நல்ல நாளில், செதுக்கியவனே நோன்பிருந்து நீராடி வந்து, துணியை விலக்கி, பொன்னுளியால் கருவிழி வரைவான். அதுவரை அது கல். அதன்பின்தான் தெய்வம். செதுக்கியவன் ஒருவன், கண் திறப்பவன் இன்னொருவன் என்பது நம் நாட்டில் இல்லை.

அவையில் நிறுத்தப்பட்டபோதும் அழிசி பேசவில்லை. காவிதியாருக்குக் கோபம் வந்தது. எழுபது வயதாகியும் அவரிடம் இளமையோடு இருப்பது அது ஒன்றுதான். மன்னரின் நினைவுக் கோயிலை இருட்டில் விட்டு ஓடியவன் உண்ட சோற்றுக்கு இரண்டகம் செய்தவன் என்றும், கோயில் பொன்னைத் தொட்ட கையை என்ன செய்வது வழக்கம் என்பதை அவன் அறிவான் என்றும் காவிதியார் உரத்துச் சொன்னார். தேவியார் மற்றவர்களை வெளியே போகச் சொன்னார். காவிதியாரும் ஓலை எழுதுபவனும் மட்டும் இருந்தனர். பிறகு அவன் வாய் திறந்தான். அவன் சொன்ன முக்கியமான சொற்களைத் திருத்தாமல் சொன்னபடியே எழுத வேண்டும் என்பது தேவியார் கட்டளை. முதலில் சொன்னது இது.

"தாயே, கடலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி மண்ணுக்குள்ள கண்மூடிக் கெடக்குறா. நான் பண்ணின தப்பு. அவளை அப்படி விட்டுட்டு, இவளுக்கு மட்டும் எப்படிக் கண் திறப்பேன்?"

கீழைக் கடலின் மறுகரைக்குக் கலத்தைக் கொண்டுசெல்லும் காற்று பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறையே வீசும் என்பதையும், திரும்பும் காற்று ஆண்டுதோறும் உண்டு என்பதையும் உமக்குச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலாகும். சென்றமுறை அக்காற்று வீசியபோது, மறுகரையில் மெசிக்கர் என்னும் மக்கள் ஓர் ஏரியின் நடுவே நகரம் அமைத்து, மலை போன்ற கற்களில் தெய்வம் செதுக்குகிறார்கள் என்று வணிகர் சொல்லக் கேட்டு, அவ்வித்தையைக் கற்றுவர அழிசியை அனுப்பியவர் மறைந்த மன்னர். அனுப்பச் சொல்லி அவர் காதில் ஓதியவர் இந்தக் காவிதியாரே. ஆகவே இந்தப் பழியில் அவருக்கும் பங்கு உண்டு.

அழிசி அங்கே நான்காண்டுகள் இருந்தான். அவன் கண்டதைக் கேளும். அந்நாட்டார் இரும்பு அறியாதவர். கல்லைக் கல்லாலேயே கொத்தி, ஈரமணலால் தேய்த்து, மெழுகு பூசினாற்போல் மினுக்குகிறார்கள். ஏரியின் தென்கரையில் பாறையைப் பெயர்த்து, உருளைக் கட்டைகளின்மேல் ஏற்றி, பல ஊர் ஆட்கள் வடம் பிடிக்க, ஏரிக்குக் குறுக்கே போட்ட கரைவழியாக நகருக்குள் இழுத்து வருகிறார்கள். வடம் பிடிப்பவர் பெரும்பாலும் போரில் தோற்ற ஊரார். நம் ஊரில் தேர் இழுப்பவன் புண்ணியம் என்று இழுக்கிறான். அங்கே பலர் வேறு வழியில்லாமல் இழுத்தார்கள் என்று அழிசி சொன்னான். செதுக்கிய பிறகு சிவப்பும் மஞ்சளும் நீலமும் பூசுவார்களாம். வெறுங்கல்லாக அங்கே எந்தத் தெய்வமும் நிற்பதில்லை.

அம்மக்கள் ஆதியில் ஊர் ஊராகத் துரத்தப்பட்டவர்கள். யாருக்கும் வேண்டாத நாணல் தீவு ஒன்றில் வந்து தங்கியவர்கள். அவர்களுக்கு வடகிழக்கே, எப்போதோ பாழான ஒரு மாநகர் கிடந்தது. அதைக் கட்டியவர் இன்னார் என்று அவர்களுக்கே தெரியாது. தெய்வங்கள் பிறந்த இடம் என்று அதைச் சொல்லி, அங்கே தோண்டிக் கிடைத்த கல்முகங்களைக் கொண்டுவந்து தங்கள் கோயிலின் அடியில் புதைத்தார்கள். அவற்றைப் பார்த்துச் செதுக்கவும் பழகினார்கள். முதலில் சிறுசிறு கற்கள். போரில் வெல்ல வெல்லக் கல்லும் பெருத்தது. வண்டிச் சக்கரம் போன்ற ஒரு பெருங்கல்லின் விளிம்பு முழுதும், தோற்ற ஊர்த் தெய்வங்களை மயிரைப் பிடித்து இழுக்கும் வீரர்களைச் சுற்றிச் சுற்றிச் செதுக்கியிருந்ததாம். பெருங்கோயிலின் படியடியில், கைகால் வேறு தலை வேறாகக் கிடக்கும் ஒரு பெண் தெய்வத்தின் வட்டக்கல். மேலே பலியான சிறைவீரரின் உடல்கள் அதன்மேல்தான் வந்து விழும்.

இதைக் கேட்டதும் காவிதியார், அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பதற்கு இது சரியான சான்று என்றார். ஊரில்லாமல் அலைந்தவர்கள் ஊரார் கண்ணில் படவேண்டும் என்றே இவ்வளவு பெரிய கல்லைத் தூக்கி நிறுத்துகிறார்கள் என்பது அவர் கருத்து. தச்சன் பணிவாக மறுத்தான். பெருமையும் அதில் உண்டுதான், ஆனால் அது மட்டும் என்றால் யாரும் பார்க்க முடியாத இடத்தில் ஏன் செதுக்க வேண்டும் என்று கேட்டான்.

அந்நாட்டுத் தச்சர் பெருஞ்சிலைகளின் அடிப்புறத்தையும் செதுக்குகிறார்கள். சிலை நின்றபின் மண்ணோடு படிந்துவிடும் அந்தப் பக்கத்தில், பூமித்தாயின் முழு உருவத்தை வடிக்கிறார்கள். வாய் பிளந்து, மடக்கிய கைகால்களோடு, சிக்குப் பிடித்த கூந்தலில் பூரானும் சிலந்தியும் ஊர, மண்ணை நோக்கியபடி அவள் இருப்பாள். மேலே இருக்கும் முகம் மனிதருக்கு; கீழே இருக்கும் முகம் மண்ணுக்கு. மாலைதோறும் சூரியனை விழுங்கி, காலைதோறும் திருப்பித் தருபவள் அவள். தன்மேல் நிற்பது யார் என்று அவள் அறிய வேண்டும்; விழுங்கியதை எங்கே வைத்தோம் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். மனிதர் பார்க்கவேண்டும் என்பது அந்தக் கல்லுக்குப் பாதி வேலைதான் என்று அவனுடைய தலைமைத் தச்சர் கோயோத் என்பவர் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாராம்.

நான்காம் ஆண்டில், பாம்புகளைப் பின்னி ஆடையாக உடுத்த ஒரு தாயின் சிலையை, இரண்டு ஆள் உயரத்தில் அவர்கள் செதுக்கினார்கள். கல் கிடந்த நிலையில் இருந்தபோது, அதன் அடிப்புறத்தை அழிசிக்குக் கொடுத்தார் கோயோத். அயலானுக்கு அது பெரிய மரியாதை. அவன் ஏழு மாதம் அந்த முகத்தோடு வாழ்ந்தான். அவன் மொழி அங்கே யாருக்கும் தெரியாது. ஆகையால் அவளிடமே நம் மொழியில் பேசிக்கொண்டிருந்தான். ஊர் நினைவு வந்தால் அவளிடம் சொல்வான். எல்லாம் முடிந்தது. கண்ணை மட்டும், நம் வழக்கப்படியே, வழவழப்பாக விட்டான். முகத்தில் வெள்ளைத் துணி கட்டினான்.

இங்கேதான் தவறு நேர்ந்தது. சிலை தன் இடத்தில் நிலைபெற்ற பிறகே கண் திறப்பது என்பது அவன் கை பழகிய வழக்கு. நிலைபெற்ற பிறகு இந்த முகத்தை எவரும் அணுக முடியாது என்பது அவன் புத்திக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. கல்லை நிமிர்த்தும் நேரத்தில் தன்னை அழைப்பார்கள், அப்போது திறந்துவிடலாம் என்று இருந்துவிட்டான். முப்பது ஆண்டு செய்த பழக்கம் மனிதனை எப்படி ஏமாற்றும் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். அவர்களோ, அயலான் கட்டிய துணியைத் தொடுவது அவன் நோன்பைக் கெடுப்பதாகும் என்று எண்ணி, மரியாதையால் அதை விலக்கிப் பார்க்கவே இல்லை. குறித்த நாளின் காலையில் அவன் ஏரியில் நீராடி, நம் நாட்டிலிருந்து கொண்டுபோன பொன்னுளியை ஏந்தி வந்தபோது, முந்நூறு பேர் வடம் பிடித்துக் கல்லை நிமிர்த்தி முடித்திருந்தார்கள். துணியும் கண்ணில்லாத முகமும் மண்ணுக்குள் போய்விட்டன.

கோயோத் அவனைத் தழுவிக்கொண்டாராம். கூட்டம் பூ எறிந்ததாம். அந்தக் கூட்டத்தின் நடுவே, ஈரத்துணியோடு, உளியை மடியில் மறைத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் நின்றான் அழிசி. ஏன் சொல்லவில்லை என்று தேவியார் கேட்டார். உயிருக்குப் பயந்தேன் என்று ஒளிக்காமல் சொன்னான். அந்தப் படியடிக் கல்லை நாள்தோறும் பார்த்தவன் அவன். இரண்டு மாதத்தில் கலமேறித் திரும்பிவிட்டான்.

அவன் திரும்பி ஆறாண்டு ஆகிறது. பொன்னுளியைக் கோயில் பேழையில் ஒப்படைத்தான். தூணும் படியும் யானையும் செதுக்கினான். கண் திறக்க வேண்டிய எதையும் தொடவில்லை. கேட்டவர்க்கு உடம்பு சரியில்லை என்றான். கடல் கடந்துபோய் வந்ததால் தலைக்கனம் ஏறிவிட்டது என்று ஊர் பேசியது; காவிதியாரும் பேசினார். மனைவி இல்லை, மக்கள் இல்லை. கல் கொட்டகையில் தானே பொங்கித் தானே உண்டான். அங்கே இருந்தவரை நம் மொழி பேச ஆளில்லை. இங்கே வந்தபின் அந்த மொழி பேச ஆளில்லை. சொல்லவேண்டியது ஒன்றே ஒன்று. அதைக் கேட்கவேண்டியவர்கள் எல்லாரும் ஓராண்டுப் பயணத்துக்கு அப்பால் இருந்தார்கள். பகையாளிக்கும் அப்படி ஒரு தனிமை வேண்டாம். தாய்ச் சிலையைச் செதுக்கும்படி தேவியாரே நேரில் கேட்டபோது மறுக்க நா எழாமல்தான் ஒப்புக்கொண்டான்.

இப்போது ஏன் ஓடினான் என்றால், காற்று வந்துவிட்டது என்பது ஒன்று. மற்றொன்று இது. அம்மக்களுக்கு ஐம்பத்திரண்டு ஆண்டு ஒரு கட்டு. ஐம்பத்திரண்டு நாணல் தண்டுகளைச் சேர்த்துக் கட்டினாற்போல் கல்லில் செதுக்கி, கட்டு முடியும்போது அதையும் புதைப்பார்கள். அன்று நாட்டிலுள்ள அடுப்பும் விளக்கும் எல்லாம் அணைக்கப்படும். மறுநாள் சூரியன் திரும்புவானா மாட்டானா என்று மக்கள் இருளில் காத்திருப்பார்கள். அடுத்த ஆண்டின் இறுதியில் இந்தக் கட்டு முடிகிறது. இந்தக் கலத்தை விட்டால் அவன் அதற்குள் அங்கே சேர முடியாது. கண்ணில்லாத பூமித்தாயிடம் அந்த மக்கள் தங்கள் சூரியனைக் கேட்டு நிற்பார்கள். அவள் ஏன் பார்க்கவில்லை என்பது அவன் ஒருவனுக்கே தெரியும்.

காவிதியார் வாதம் செய்யாமல் விடுபவர் அல்லர். சிலை நின்று ஏழாண்டாகியும் சூரியன் ஒரு நாளும் தவறவில்லையே என்று கேட்டார். அதற்கு அவன் சொன்னது அப்படியே வருமாறு.

"உதிக்குதுங்க ஐயா. ஆனா அங்கே தடவித் தடவி வருதோ என்னவோ, யார் கண்டா?"

வேளாரே, காவிதியார் தம் வாழ்நாளில் பல அவைகளில் பலரை வாயடைக்க வைத்தவர். அன்று அவர் வாதத்தைக் கைவிட்டார். அந்தக் கல்லை மீண்டும் தூக்கச் சம்மதிப்பார்களா என்று அதன்பின் கேட்டார். தெரியாது என்றான். உண்மையைச் சொன்னால் உன்னைக் கொன்றுவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டார். திறந்தபிறகு கொன்றால் சரி, திறக்குமுன் கொல்லாதிருக்கும்படி ஓர் ஓலை கிடைக்குமா என்று தச்சன் கேட்டான். ஐந்தாண்டாகக் கல்லடுக்கிக் கல்லடுக்கித் தேவியார் காத்திருந்தது அந்தத் தை நாளுக்காக என்பதை நாடறியும். ஆயினும் அவர் சொன்னார்.

"போய் அவ கண்ணைத் திறந்துட்டு வாரும். இவ காத்திருப்பா. எனக்கும் காத்திருந்து பழக்கந்தான்."

ஆகவே ஆணை இது. அழிசியின் கைக்கட்டு இங்கேயே அவிழ்க்கப்பட்டது; மீண்டும் எவரும் கட்டலாகாது. பொன்னுளியை அவன் கையிலேயே கொடுக்க. கோயில் பேழைக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம். கலம் அவன் ஏறும்வரை நங்கூரம் எடுக்கலாகாது. ஏறியபின் ஒரு நாழிகையும் தாமதிக்கலாகாது. அவன் அரசியாரின் தூதன். மிளகு மூட்டைக்குப் பின்னே அல்ல, கலம் செலுத்தும் மீகாமனுக்குப் பக்கத்தில் அவனுக்கு இடம் தருக. ஏரி நகரத்து வேந்தருக்குத் தேவியார் எழுதிய இன்னோர் ஓலையும், பட்டும் முத்தும் அடங்கிய பெட்டியும் அவனோடு வருகின்றன. கல்லைத் தூக்கி, தச்சன் தன் பிழையைத் திருத்த இடம் தருமாறு அவ்வோலையில் வேண்டப்பட்டிருக்கிறது. அதை அந்நகரில் படித்துச் சொல்லத் தெரிந்தவன் அழிசி ஒருவனே. தன் குற்றத்தைத் தானே அவர்கள் மொழியில் அவையறியச் சொல்ல வேண்டும் என்பதை அவன் அறிவான். அதற்கு அவன் அஞ்சவில்லை.

இங்குள்ள தாய்க் கோயிலின் கதவு தை மாதத்தில் திறக்கப்படாது என்றும், அவன் திரும்பும்வரை அம்முகத்தின் துணியை எவரும் தொடலாகாது என்றும், அவன் திரும்பாது போனால் அவள் கண் திறவாமலே இருப்பாள் என்றும் நாடெங்கும் பறையறைய ஆணை போயிற்று. உம் துறையில் இதைக் குறைத்துப் பேசுவோர் இருந்தால், காவிதியாரும் முதல் நாள் அப்படித்தான் பேசினார் என்று சொல்க.

இன்னும் ஒன்று உண்டு. விடைபெறும்போது, வேறு ஏதும் வேண்டுமா என்று தேவியார் அவனைக் கேட்டார். வேண்டாம் என்றான். வாயில்வரை போய்த் திரும்பி நின்று, கூச்சத்தோடு ஒன்று சொன்னான். அந்நகரத்தார் நாவுக்கு அவன் பெயர் வரவில்லையாம். கடலான் என்ற பொருளில் ஏதோ ஒரு சொல்லால்தான் கூப்பிட்டார்களாம். நான்காண்டுகளில் ஒருவர்கூட அவனைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. அதுதான் அங்கே பொறுக்க முடியாததாக இருந்தது என்றான். சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ஆகையால் கடம்பன் வேளாரே, கலம் புறப்படும் நாளில் உம் துறையில் உள்ள மீனவரும் உப்பளத்தாரும் மூட்டை சுமப்போரும் பெண்டிரும் பிள்ளைகளும் ஒருவர் தவறாமல் கரைக்கு வருக. நீரும் உம் மனையாளும் முன்னே நிற்க. பாய் கண்ணுக்கு மறையும்வரை, எல்லாரும் உரத்த குரலில் அவன் பெயரைச் சொல்லி அழைத்துக்கொண்டே இருக்க. பாய் மறைந்த பிறகும், அவனுக்கு இன்னும் கேட்கக்கூடும் என்று தோன்றும்வரை அழைக்க.

இது தேவியார் ஆணை. காளை பொறித்த அரச முத்திரை இட்டது. சேந்தன் பெருங்காவிதியார் கையொப்பம். அவன் பெயர் அழிசி, பிழையின்றிச் சொல்க.